வரப்புக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கமிருந்து வந்தவற்றில் ஏழு கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஏழும் ஒரே காரியத்தைத்தான் வேறு வேறு வாசல் வழியாகக் கேட்கின்றன: நம்மை நோகடித்தவரிடமும், நம்மோடு ஒத்துப்போகாதவரிடமும் கிறிஸ்துவின் அன்போடு நடப்பது எப்படி? பெயர்களை விட்டுவிட்டோம்.

ஐயா, தோத்திரமுங்க. எங்க தோட்டத்துக்குப் போற வண்டித்தடத்தைப் பங்காளி முள்ளு வெட்டிப்போட்டு அடைச்சுப்போட்டாருங்க. அப்பாரு காலத்துல இருந்து போய்வந்த தடம். மஞ்சள் வெட்டி வண்டி வெளிய வர வழியில்லீங்க. ஞாயித்துக்கெழமை கோயில்ல எனக்கு முன் பெஞ்சுல அவரு உக்காந்திருக்காரு. ‘சத்துருவைச் சிநேகி’ன்னு பிரசங்கம் கேட்டா வயிறு எரியுதுங்க. சிநேகிக்கிறதுன்னா தடத்தை விட்டுக்கொடுத்துட்டு வாயை மூடிக்கறதுங்களா?
– விவசாயி, கோபிசெட்டிபாளையம் பக்கம்

இல்லீங்க. வாயை மூடிக்கொள்ளச் சொல்லும் வசனம் ஒன்றும் அங்கே இல்லை. யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் 4, 5 வசனங்களைப் பாருங்கள். சத்துருவின் மாடு தப்பிப்போவதைக் கண்டால் அவனிடம் கொண்டுபோய் விடு. பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடே விழுந்து கிடந்தால் உதவி செய். விவசாயிக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவர் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு உங்கள் மஞ்சள் காட்டுக்குள் வந்தால், மாட்டுப் பவுண்டில் அடைக்காமல், அடிக்காமல், அவர் கட்டுத்தரையில் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அவ்வளவுதான் கேட்கப்படுகிறது. உங்கள் நிலத்தை அவருக்கு எழுதிக்கொடு என்றோ, அடைத்தது சரிதான் என்று சொல்லு என்றோ கேட்கவில்லை.

தடத்தைப் பற்றிப் பேச வேண்டிய முறை மத்தேயு 18:15-இல் இருக்கிறது: “நீ போய், அவனும் நீயும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து.” நம் ஊர்களில் இது தலைகீழாக நடக்கும். முதலில் டீக்கடை, பிறகு மச்சான் வீடு, பிறகு சபை ஐயர், கடைசியாகத்தான் சம்பந்தப்பட்ட ஆள். அதற்குள் நீங்கள் சொன்னது நாலு வாய் மாறி, வேறு உருவத்தில் அவர் காதுக்குப் போயிருக்கும். பிறகு நீங்கள் போய் நின்றால் அது பேச வந்ததாக இருக்காது, சண்டைக்கு வந்ததாகத்தான் இருக்கும்.

போகும் இடமும் நேரமும் முக்கியம். அடைபட்ட தடத்தின் ஓரத்தில், கையில் மம்பட்டியோடு பேசாதீர்கள். ஆராதனை முடிந்து கோயில் வாசலிலும் வேண்டாம்; நாலு பேர் பார்க்கும்போது யாரும் இறங்கி வர மாட்டார்கள். பொழுதோட, அவர் மாட்டுக்குத் தீனி போட்டு முடித்த நேரத்தில், வீட்டுக்குப் போங்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். வேண்டாமென்று சொம்பைத் தள்ளினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அண்ணா, தடம் அடைபட்டதுல எனக்கு வெசனமுங்க. மஞ்சள் வெளிய வர மாட்டீங்குது. எதனால அடைச்சீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். நிறையப் பேர் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். “காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்” என்கிறது நீதிமொழிகள் 18:13.

காரணம் ஏதாவது இருக்கும். உங்கள் டிராக்டர் சக்கரம் ஏறி அவருடைய சொட்டுநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். தடம் நிரந்தர உரிமையாகிவிட்டால் நிலம் விலை போகாது என்ற பயம் இருக்கலாம். முதலாவது என்றால் தீர்வு சுலபம்: குழாய் கடக்கிற இடத்தில் 2 அடி ஆழத்தில் கெட்டியான உறைக்குழாய் போட்டு அதற்குள் விடுவது, செலவு உங்களுடையது. இரண்டாவது என்றால் தடத்தின் அகலம் எத்தனை அடி, எந்த வண்டி வரலாம் என்பதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எதுவானாலும் ஒரே காரியம்தான் பேச வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் நடந்த வாய்க்கால் தண்ணீர் சண்டையை இழுத்தால் தடமும் போச்சு. அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள்.

அவர் கேட்கவில்லையா? அடுத்த வசனம், ஒருவர் அல்லது இருவரோடு போகச் சொல்கிறது. உங்கள் பக்கத்து ஒறம்பரையைக் கூட்டிக்கொண்டு போவதல்ல அது. அவரும் மதிக்கிற ஒரு ஆள் வேண்டும். அதற்கும் பிறகுதான் சபை. சபையையும் கேட்காதவன் “அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்” இருப்பானாக என்று முடிவதைப் படித்து, ஒதுக்கி வைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எழுதிய மத்தேயுவே ஆயக்காரன், அதாவது வரி வசூலித்தவர், என்பதை மறந்துவிடுகிறார்கள். இயேசு ஆயக்காரரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இதோடு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் போய்வந்திருந்தால் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் தடம் அடைபட்ட பின் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ‘பொறுமையா இருக்கறேன்’ என்று நாலைந்து வருடம் ஓட்டினால் அந்த உரிமை நழுவிவிடும். நழுவிய பிறகு மனசுக்குள் பகை இரண்டு மடங்காகும். புலப்படத்தையும் பத்திர நகலையும் முதலில் எடுத்து, தடம் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கு என்ற நிலை வந்தால், நோட்டீஸ் தபாலில் போய்ச் சேருமுன் நீங்களே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். பகைவனுக்கும் அந்த மரியாதை உண்டு.

மனசுல அன்பே வரலீங்க. எங்க ஓரகத்தி, கல்யாண வீட்டுல ஒறம்பரைகிட்ட எல்லாம் எஞ்சீர் நகை கவரிங்குன்னு சொல்லிப்போட்டாங்க. அன்பு வராம வெளிய நல்லா நடந்துக்கிட்டா அது வேஷம்தானுங்களே?
– வாசகி, பெருந்துறை

லூக்கா 6:27, 28-இல் இயேசு நாலு சொல் சொல்கிறார்: சிநேகியுங்கள், நன்மை செய்யுங்கள், ஆசீர்வதியுங்கள், ஜெபம்பண்ணுங்கள். பின் மூன்றும் கை, வாய், முழங்கால் செய்கிற வேலைகள். மனசு உருகும்வரை காத்திரு என்று அவர் சொல்லவில்லை. சிநேகிப்பது எப்படி என்பதற்கு அந்த மூன்றுமே விளக்கம். வேஷம் என்பது இல்லாத பாசத்தை இருப்பதாகக் காட்டி ஏதாவது சாதித்துக்கொள்வது. நீங்கள் பாசம் காட்ட வேண்டாம். கட்டிப்பிடிக்க வேண்டாம், ‘அக்கா இல்லாம எனக்கு யாரு’ என்று பேசவும் வேண்டாம். காட்டாமல் செய்யுங்கள், போதும்.

ஜெபத்தில் ஆரம்பியுங்கள். தினமும் 2 நிமிஷம், அவர் பெயரைச் சொல்லி, மூன்றே விஷயம்: அவர் உடம்பு, அவர் பிள்ளைகள், அவர் கையிலிருக்கிற வேலை. முதல் பதினைந்து நாளைக்கு ‘ஆண்டவரே அவளைத் திருத்தும்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஏனென்றால் அந்த ஜெபம் மூன்றாவது வாக்கியத்திலேயே புகார் மனுவாக மாறிவிடும். எழுந்திருக்கும்போது கோபம் கூடியிருக்கும். புகார் சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி நேரம் ஒதுக்கி, 55-ஆம் சங்கீதத்தைத் திறந்துகொண்டு சொல்லுங்கள். சத்துரு நிந்தித்திருந்தால் தாங்கியிருப்பேன், இவன் என் தோழன் என்று தாவீது அழுகிற சங்கீதம் அது. கர்த்தர் முன்னால் புகார் சொல்வது பாவமல்ல.

ஆசீர்வதிப்பது வாயின் வேலை. ஒறம்பரை கூடியிருக்கும்போது அவர் பேச்சு வந்தால், உண்மையான நல்லது ஒன்று சொல்லுங்கள். ‘பிள்ளைகளை நல்லாப் படிக்க வெச்சாங்க’ என்பதுபோல. அதுவும் வாயில் வரவில்லையென்றால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுங்கள். நன்மை செய்வது சின்னதாக இருக்கட்டும். நோம்பிக்குச் சுட்ட கச்சாயத்தில் அவர் வீட்டுக்கும் ஒரு தூக்குப்போசி போகட்டும். பட்டுச்சேலை எடுத்துக்கொடுக்காதீர்கள். பெரிய பரிசு வாங்கினவர் தலையில் கடனாக உட்காரும், கொடுத்தவர் மனசில் கணக்காக உட்காரும். 1 கொரிந்தியர் 13:5-இல் ‘தீங்கு நினையாது’ என்று நாம் படிக்கிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது கணக்கெழுதுகிற சொல். அடுத்தவர் செய்த தீங்கை ஏட்டில் பதிந்து வைக்காது என்று பொருள். நாம் செய்த நன்மையையும் பதிந்து வைக்க வேண்டாம் என்று சேர்த்துப் படிக்கலாம்.

பத்து நாள் நன்றாகப் போகும், பதினோராவது நாள் அவர் மறுபடி ஒன்று சொல்வார். ‘செஞ்சதெல்லாம் வீண்’ என்று தோன்றும். வீணல்ல, மறுநாள் காலை அந்த 2 நிமிஷத்திலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். நகை விஷயத்தில் பொய்யைப் பொய் என்று சொல்லவும் தயங்காதீர்கள். மாமியாரிடம் ஒரு முறை, நிதானமாக, ‘அது தங்கமுங்க, ரசீது இருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிக்கறாருங்க. போன மாசம் கை வீங்கிப் போச்சு. அம்மா ஊட்டுக்கு வந்துட்டேன். ஏழெழுபது தரம் மன்னிக்கணும், திரும்பிப் போம்மான்னு பாஸ்டர் ஐயா சொல்றாருங்க. போகாட்டி நான் கிறிஸ்தவளே இல்லீங்களா?
– வாசகி, தாராபுரம் பக்கம்

சகோதரி, அங்கேயே இருங்கள். நீங்கள் செய்தது பாவமல்ல.

பேதுரு மத்தேயு 18-இல் கேட்டது எத்தனை முறை மன்னிக்க வேண்டும் என்றுதான். அடிக்கிறவரோடு எத்தனை முறை ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவும் இல்லை, இயேசு அதற்குப் பதில் சொல்லவும் இல்லை. மன்னிப்பது ஒன்று, ஒப்புரவாவது இன்னொன்று, நம்புவது மூன்றாவது. மன்னிப்பு உங்கள் ஒருவர் கையில் இருக்கிறது. அது இன்றைக்கே தொடங்கலாம், வருடக்கணக்கிலும் ஆகலாம். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். நம்பிக்கையோ அடித்தவர் நடந்து காட்டித்தான் வர வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஒரு பெண்ணின் தலையில் வைப்பது அநியாயம்.

தாவீதைப் பாருங்கள். சவுல் ஈட்டியை எறிந்தபோது அதைப் பிடுங்கித் திரும்ப எறியவில்லை. நின்று வாங்கிக்கொள்ளவும் இல்லை. விலகித் தப்பினார் என்று 1 சாமுவேல் 18:11 சொல்கிறது. சவுலைக் கொல்ல வாய்ப்பு வந்தபோது இரண்டு முறை விட்டுவிட்டார். 26-ஆம் அதிகாரத்தில் சவுல், “நான் பாவஞ்செய்தேன், என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா” என்று கூப்பிடுகிறார். சவுல் தூங்கும்போது எடுத்து வந்த ஈட்டியைத் தாவீது திருப்பிக் கொடுத்து அனுப்புகிறார். அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருவரும் தனித்தனி வழியே போகிறார்கள். பகை இல்லை, தூரம் இருக்கிறது. வேதம் இதற்காகத் தாவீதைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியவை. கை இன்னும் வலித்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். பதிவேட்டில் அது ஏறும், நகல் கேட்டு வாங்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181 எந்த நேரமும் இயங்கும். அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அதன்படி மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் மூலம் மனு கொடுத்தால், அடிக்கக் கூடாது, அருகில் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மாதச் செலவுக்கும் உத்தரவிடலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் சட்ட உதவி இலவசம், எண் 15100. ஆதார், குடும்ப அட்டை, பேங்க் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே இருந்தால் எடுக்கத் தனியாகப் போகாதீர்கள்.

அவர் மனந்திரும்பினால்? அழுவது மட்டும் அடையாளமாகாது. அடித்த மறுநாள் அழாத குடிகாரர் குறைவு. குடிநோய்ச் சிகிச்சைக்குத் தானாகப் போனாரா, பாதியில் விடாமல் முடித்தாரா, ‘நீ வாயாடினதுனாலதான்’ என்று சொல்லாமல் ‘நான் அடிச்சேன்’ என்று உங்கள் அப்பா அம்மா முன்னால் சொன்னாரா, நீங்கள் வரமாட்டேன் என்றபோது கோபப்படாமல் ஏற்றுக்கொண்டாரா என்று பாருங்கள். மாதங்கள் ஆகும். அதுவரை அவருக்காக ஜெபிப்பதும், பிள்ளைகள் காதில் அவரைச் சபிக்காமல் இருப்பதும் போதுமான அன்பு.

பாஸ்டர்மார் இந்தப் பக்கத்தைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு சகோதரி வந்தால், திரும்பிப் போகச் சொல்லுமுன் முதல் கேள்வி ‘இன்னைக்கு ராத்திரி எங்கம்மா தங்குவீங்க?’ என்பதாக இருக்கட்டும். கணவனையும் மனைவியையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். அங்கே மனைவி உண்மை சொன்னால், அதற்கு வீட்டில் அடி வாங்குவார்.

நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து பவர்டேபிள் தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணினோம். பில் பணத்துல 4 லட்சத்தை எடுத்துட்டாரு. புரோநோட்டு எழுதிக் கொடுத்திருக்காரு. அவரும் விசுவாசிதான். கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு பவுல் சொல்றாரே, நான் என்னதான் பண்றது?
– வாசகர், திருப்பூர்

பத்தாயிரம் தாலந்து உவமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. எந்தப் பிறவியிலும் அடையாது; ராஜா அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். உடன்வேலைக்காரன் இவனுக்குப் பட்டதோ 100 வெள்ளிப்பணம், அதாவது நூறு நாள் கூலி. இன்று நாளுக்கு 700 ரூபாய் என்று வைத்தால் 70,000 ரூபாய். அது அற்பத் தொகை அல்ல. உங்கள் காயம் ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை, அதை நூறு நாள் உழைப்பாகவே எண்ணிக் காட்டுகிறார். பக்கத்தில் நமக்குத் தள்ளுபடியான கடனை வைக்கும்போதுதான் அது சிறுத்துப்போகிறது. அந்த ஊழியக்காரனின் குற்றம் கடனைக் கேட்டது அல்ல. தொண்டையைப் பிடித்து நெரித்ததும், தவணை கேட்டவனைக் காவலில் போட்டதும்தான்.

ஆகவே பணத்தைக் கேட்பது பகையல்ல. ஆனால் ஒரு முடிவுக்கு வாருங்கள். தள்ளுபடி என்றால் அவரைக் கூப்பிட்டுச் சொல்லி, நோட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நாளைக்கு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. வசூல் என்றால் தொகை, தவணை, தேதி எழுத வேண்டும். வட்டியை விட்டு அசலை மட்டும் வாங்குவதும் நல்ல வழிதான். கெட்டுப்போவது நடுவில் நிற்பதால். புரோநோட்டுக்குக் காலவரம்பு 3 ஆண்டு. கேட்கச் சங்கடப்பட்டு, நாள் கடந்து, பிறகு ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டிருப்பது மன்னிப்பும் இல்லை, வசூலும் இல்லை. அவர் கொஞ்சம் கட்டினால் நோட்டின் பின்புறம் தேதியோடு அவரே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு எண்ணப்படும்.

1 கொரிந்தியர் 6-இல் பவுல் கேட்பது, சகோதரருக்குள்ளே வழக்குத் தீர்க்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்று. நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்றும் கேட்கிறார்; அதை உங்களிடம் நீங்கள் கேட்டுக்கொள்ளலாம், பணம் எடுத்தவர் உங்களிடம் கேட்க முடியாது. வியாபாரக் கணக்குப் படிக்கத் தெரிந்த மூப்பர் ஒருவரை இருவரும் ஒப்புக்கொண்டு உட்காருங்கள். அதற்கும் சரிப்படவில்லையானால் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, வழக்குப் போடுமுன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசலாம். கட்டணம் இல்லை. அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

மறுபடி அவரோடு கூட்டுத்தொழில் வேண்டாம். வேறொருவர் அவரோடு கூட்டுச் சேரப்போகிறேன் என்று வந்து கேட்டால், நடந்ததை மட்டும் சொல்லுங்கள், ‘திருடன்’ என்ற சொல் இல்லாமல்.

பையன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டான். ‘உங்களுது ஞானஸ்நானமே இல்லப்பா’ங்கறான். மூணு தலைமுறையா சி.எஸ்.ஐ. நாங்க. சோத்துல உக்காந்தா சண்டை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

உங்களை நோகடித்தது ஞானஸ்நானத்தைப் பற்றிய போதனையா, ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லா என்று பிரித்துப் பாருங்கள் ஐயா. உங்கள் தகப்பனார் கையில் ஏந்திக்கொண்டுபோன நாளையே மகன் செல்லாக்காசாக்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அதை அப்படியே அவரிடம் சொல்லலாம். வசனத்தை வசனத்தால் அடிப்பதைவிட அது எட்டும்.

நம் பகுதியின் சபை வரலாறே இதற்கு ஒரு பாடம். கோவை, ஈரோடு வட்டாரத்து லண்டன் மிஷன் சபைகள் பிஷப் இல்லாத ஒழுங்கில் வளர்ந்தவை. ஆங்கிலிக்கன் சபைக்கோ பிஷப் இல்லாமல் குருப்பட்டமே இல்லை. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27-இல்தான் தென்னிந்தியத் திருச்சபையாக (சி.எஸ்.ஐ.) முடிந்தது. 28 ஆண்டுகள். ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த யாருக்கும் மறுபடி பட்டம் கொடுக்கவில்லை. உன்னுடையது செல்லாது என்று யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் வருகிறவர்களுக்குப் பிஷப் கை வைப்பார் என்று ஒத்துக்கொண்டார்கள். கொள்கையை விடாமலே மரியாதையைக் காக்க வழி கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: சோற்றில் அந்தப் பேச்சு இல்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதல் வாரம், மகன் ஏன் அப்படி நம்புகிறார் என்பதை நீங்கள் சொல்ல வேண்டும், அவர் ‘ஆமாப்பா, இதைத்தான் சொல்றேன்’ என்று ஒத்துக்கொள்ளும்வரை. அடுத்த வாரம் உங்கள் பக்கத்தை அவர் சொல்ல வேண்டும். மறுப்பு மூன்றாவது வாரம்தான். பெரும்பாலும் இரண்டாவது வாரத்திலேயே குரல் தணிந்துவிடும். பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்ற கேள்வி வரும்போது முடிவு பிள்ளையைப் பெற்றவர்களுடையது. அங்கே நீங்கள் ஒதுங்கி நிற்பதுதான் அன்பு, வலித்தாலும்.

ஒருத்தர் மேல கோவம் இருக்கும்போது நற்கருணை எடுக்கலாமுங்களா?
– வாசகி, கரூர்

மத்தேயு 5:23, 24-ஐ நிதானமாகப் படியுங்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று சொல்வது, உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை இருந்தால். அதாவது நீங்கள் அவரை நோகடித்திருந்தால். அவர் உங்களை நோகடித்திருந்தால் மாற்கு 11:25: ஜெபிக்க நிற்கிற இடத்திலேயே மன்னியுங்கள். கோபம் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் வருவேன் என்றால் பல பேர் சாகும்வரை பந்திக்கு வர முடியாது. பழிவாங்கும் யோசனையை விட்டுவிட்டீர்களா? வாருங்கள்.

தம்பியைக் கல்யாணப் பந்தியில நாலு பேர் முன்னாடி ‘திங்கறதுக்குன்னே வந்துட்டியா’ன்னு கேட்டுப்போட்டேனுங்க. அஞ்சு வருசமாப் பேச்சு வார்த்தை இல்லை. வர்ற வைகாசியில பொண்ணுக்குக் கல்யாணம். எப்படிப் போய்க் கேக்கறதுன்னு தெரியலீங்க.
– வாசகர், ராசிபுரம்

போக வேண்டும் என்று தோன்றிய நாளிலேயே பாதி தூரம் வந்துவிட்டீர்கள் அண்ணா.

நம் வாயில் வழக்கமாக வருகிற வாக்கியம் இது: ‘ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கப்பா.’ இதைச் சொல்லாதீர்கள். ‘ஏதாச்சும்’ என்றால் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது என்று அர்த்தம். ‘இருந்தா’ என்றால் செய்ததே சந்தேகம் என்று அர்த்தம். ஐந்து வருடமாக ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருக்கிற மனுஷனிடம் போய், அப்படி ஒன்று நடந்ததா என்று கேட்பதுபோல ஆகும். சொன்ன சொல்லையே சொல்லுங்கள்: ‘பந்தியில, இன்னார் இன்னார் முன்னாடி, திங்கறதுக்குன்னே வந்துட்டியான்னு கேட்டேன். உன்னைய அவமானப்படுத்திட்டேன். என்மேல தப்பு.’ அதன் பிறகு ‘ஆனா’ வரக் கூடாது. அன்றைக்கு உங்களுக்கு என்ன டென்ஷன், சமையல்காரர் என்ன செய்தார் என்பதெல்லாம் வேண்டாம். அவர் பதிலுக்குத் திட்டினால் முழுதும் கேளுங்கள். ஐந்து வருடத்துப் பாக்கி அது.

எண்ணாகமம் 5:7, குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. எடுத்த பொருளுக்கு அது அளவு. எடுத்தது மானம் என்றால், அதே அளவு ஆட்கள் முன்னால் திருப்பிக் கொடுப்பதுதான் முதல். தனியாகக் கேட்ட பிறகு, அவர் ஒத்துக்கொண்டால், அன்று பந்தியில் இருந்தவர்கள் கூடுகிற ஒரு நாளில் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், அவரை மறுபடி காட்சிப்பொருளாக்க வேண்டாம்.

அன்றைக்கே மன்னித்தேன் என்று அவர் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். “கூடுமானால் உங்களாலானமட்டும்” சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமர் 12:18-இல் எழுதும்போது, நம் கையில் இல்லாத ஒரு பாதி இருப்பதை ஒத்துக்கொண்டுதான் எழுதுகிறார்.

கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து மட்டும் மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். கல்யாணத்தில் தம்பி நிற்காவிட்டால் ஊர் பேசுமே என்று வந்திருக்கிறார் என்று நினைத்துவிடுவார், நியாயமாகவே. பத்திரிகை அடிக்கக் கொடுக்குமுன், இந்த மாதமே, கையில் ஒன்றுமில்லாமல் ஒரு முறை போய்விட்டு வாருங்கள். அச்சாகி வந்த பிறகு முதல் பத்திரிகையை நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் சேர்ந்து அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.